பற்றவைப்பு நிலைகளும் தகுதிச் சான்றின் எல்லைகளும்

வேப்பூர் கூட்டு ரோட்டுப் பட்டறைகளில் டிராக்டர் டிப்பரும் இரும்புக் கேட்டும் பற்றவைத்துக் கை தேர்ந்த இளைஞன், கிழக்கே நெய்வேலி அனல்மின் நிலையத்துக் கொதிகலன் வேலைக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போக விரும்பினால், அவனிடம் முதலில் கேட்கப்படுவது ‘சிக்ஸ் ஜி பேப்பர் இருக்கிறதா?’, அதாவது 6ஜி எனும் பற்றவைப்பு நிலையில் தேறிய சான்று உண்டா என்பதே. ஒன்று முதல் ஆறு வரையிலான எண்கள் தேர்ச்சியின் படிகள் என்றும், மேற்படியில் ஏறியவன் கீழ்ப்படிகள் யாவற்றையும் கடந்தவனே என்றும் கருதும் ஓர் அபிப்பிராயம் இக்கேள்வியின் அடியில் கிடக்கிறது. அது பிரமாணமற்றது என்பது என் துணிபு.

அவ்வெண்கள் குறிப்பது தொழிலாளியின் சாமர்த்தியத்தை அன்று. இணைப்பு எந்நிலையில் கிடக்கிறது, உருகிய உலோகத்தைப் புவியீர்ப்பு எப்பக்கம் இழுக்கிறது என்பதையே. குழாய் படுத்தபடி அசையாது நிற்கும் 5ஜி நிலையில், அடியில் தலைக்குமேலாகவும் பக்கங்களில் செங்குத்தாகவும் உச்சியில் சமதளமாகவும் கை மாறி மாறிச் செல்ல, அடிப்பகுதியில் ரூட் எனும் முதல் அடுக்கு உள்வாங்கிப் பள்ளமாகும் அபாயமே பெரிது. குழாய் நட்டு நிற்கும் 2ஜியிலோ, இணைப்பு கிடையாகச் சுற்றி வருவதால், உலோகம் மேல்விளிம்பை விட்டு வழிந்து கீழ்விளிம்பில் தொங்குகிறது. மேலே அண்டர்கட் எனும் அரிப்பு, கீழே ஓவர்லேப் எனும் வழிவு. இரண்டும் வெவ்வேறு தோஷங்களாகையால், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க விதித்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவு 5ஜியில் தேறியவனுக்கு 2ஜி வேலையை அனுமதிப்பதில்லை. 6ஜிக்குரிய பெருமையும், நாற்பத்தைந்து பாகை சாய்ந்த குழாயில் இவ்விரு தொல்லைகளும் ஒருங்கே வந்து சேர்வதால் உண்டானதே. 2ஜி, 5ஜி இரண்டிலும் தனித்தனியே தேறியவனுக்கும் அதே விதி எல்லா நிலைகளையும் திறந்துவிடுகிறது.

நிலை என்பது சான்றின் ஒரு கட்டம் மாத்திரமே. மற்றக் கட்டங்களை ஒப்பந்தக்காரர்கள் படிப்பது அருமை. 168 மில்லிமீட்டர் விட்டமுள்ள தடித்த குழாயில் 6ஜி தேறியவனுக்குக் கீழெல்லை 73 மில்லிமீட்டர். கொதிகலனில் சாதாரணமாகக் காணும் 51 மில்லிமீட்டர் டியூபை அவன் தொடலாகாது. அந்த டியூபிலேயே தேர்வு எழுதியவனுக்கு விட்டம் 25 மில்லிமீட்டர் வரை இறங்கும். ஆனால் ஐந்து மில்லிமீட்டர் உலோகம் இட்டுத் தேறியவன் பத்துக்கு மேல் இட முடியாது. பதின்மூன்று மில்லிமீட்டரும் அதற்கு மேலும், மூன்று அடுக்குக்குக் குறையாமல் இட்டவனுக்கே தடிப்பின் எல்லை நீங்குகிறது. ஆகவே ‘6ஜி’ என்ற ஒரே பெயரால் அழைக்கப்படும் இருவரின் அதிகாரங்கள் எதிரெதிராக அமையக்கூடும். இதன்மேல், நம் நாட்டுக் கொதிகலன்களுக்கு 1950-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் கீழ்த் தனிச் சான்றும் அவசியம்.

காலத்துக்கும் எல்லை உண்டு. தேர்வு நடத்திய நிறுவனத்தின் மேற்பார்வையில் ஆறு மாதம் தான் தேறிய பற்றவைப்பு முறையில் பற்றவைக்காதவனின் தகுதி காலாவதியாகிறது. அறுவடைக்கு ஊர் வந்து பட்டறையில் கேட் செய்த மாதங்கள் கணக்கில் வாரா. எனினும், அதே நிறுவனத்தில் அத்தகுதியைப் புதுப்பிக்க, தகடோ குழாயோ, எந்த நிலையிலேனும் ஒரே துண்டைப் பற்றவைத்துத் தேறினால் போதும், பழைய எல்லைகள் அனைத்தும் திரும்பக் கிடைக்கின்றன. இதை அறியாத மேஸ்திரி மீண்டும் 6ஜி தேர்வுக்கே கட்டணம் கட்டச் சொன்னால், மறுக்கும் நியாயம் தொழிலாளிக்கு உண்டு.