வருகைப் பதிவும் தமிழ் எழுத்தும்: வழங்கி நிரல்மொழிகளின் வரலாற்றில் கடலூர், சிதம்பரம் என்னும் இரு சொற்கள்

முன்னுரை

ஓர் இணையத்தளத்தை எத்தனை பேர் பார்த்தனர் என்பதை அத்தளத்தின் வழங்கி தானே பதிவு செய்கிறது. தமிழ் மின்னூலகங்கள், கலைக்களஞ்சியங்கள் ஆகியவற்றின் பயன்பாட்டை மதிப்பிட இவ்வெண்களே சான்றாகக் காட்டப்படுகின்றன. ஆயின் எதனை ஓர் எழுத்தாகவும் எவரை ஒரு வருகையாளராகவும் கொள்வது என்பதை எண்ணும் கருவியே முடிவு செய்கிறது. கருவியின் தெரிவு கணக்கை எவ்வாறு மாற்றியது என்பதைக் கடலூர், சிதம்பரம் என்னும் ஊர்ப்பெயர்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கணக்கெடுப்பில் பிறந்த நிரல்மொழி

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த என்.சி.எஸ்.ஏ. மையம் 1993இல் உருவாக்கிய வழங்கி மென்பொருளே இன்றைய பதிவுக்கோப்பு முறைக்கு அடிப்படை. கோரிக்கை வந்த முகவரி, நேரம், கேட்கப்பட்ட பக்கம், விடைக்குறி, அனுப்பிய பைட்டுகள் ஆகியவை ஒரு வரியில் பதிவாயின. அதே மையம் வகுத்த சி.ஜி.ஐ. முறையால் பெர்ல், சி மொழிகளில் எழுதிய நிரல்கள் வழங்கியில் இயங்கின. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிரலைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது இம்முறையின் குறை.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம் தன்விவரப் பக்கத்திற்கு வருவோரை அறிய 1994இல் எழுதிய சிறுநிரல்களே பி.எச்.பி. மொழியின் தோற்றுவாய். 1995 ஜூன் 8 அன்று அவை பொதுவெளியில் வெளியிடப்பட்டன. பின்னர் அப்பாச்சி வழங்கியின் உள்ளேயே இயங்கும் வசதியைப் பெற்றதால் பி.எச்.பி. விரைந்து பரவியது. விக்கிப்பீடியா 2002 ஜனவரியில் பெர்லிலிருந்து பி.எச்.பி.க்கு மாறியது, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதன்மீதே அமைந்தது.

எழுத்தும் பைட்டும்

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல டிஸ்கி குறியேற்றத்தைப் பயன்படுத்தின. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது. டிஸ்கியில் 'கடலூர்' 4 பைட்டுகளில் அடங்கும்; எழுத்தெண்ணிக்கையும் நான்கே.

ஒருங்குறி இப்பொருத்தத்தை மாற்றியது. 'கடலூர்' 4 எழுத்து, குறியெண்கள் 6, யு.டி.எஃப்.-8 வடிவில் 18 பைட்டுகள். இணைய முகவரியாகப் பதிவுக்கோப்பில் ஏறும்போது 54 குறிகள். 'சிதம்பரம்' முறையே 6, 9, 27, 81 ஆகும். பி.எச்.பி.யின் இயல்பான நீளச் சார்பு பைட்டுகளையே எண்ணி 18, 27 என விடை தரும். 2008இல் வெளிவந்த பைத்தான் 3 குறியெண்களை எண்ணி 6, 9 என்கிறது. பி.எச்.பி.யை முழுமையாக ஒருங்குறிக்கு மாற்ற முனைந்த ஆறாம் பதிப்பு 2010இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

இவ்வேறுபாடு கணக்கையும் பாதிக்கும். முகவரிக்கு 255 குறிகள் மட்டுமே ஒதுக்கிய தரவுத்தளத்தில் 28 தமிழ்க் குறியெண்களே முழுமையாக அடங்கும். நீண்ட தலைப்புகள் இடையில் வெட்டுப்பட்டு, வெவ்வேறு பக்கங்கள் ஒன்றாக எண்ணப்படலாம். இதற்கு மறுதலையும் உண்டு. சிதம்பரத்திற்குத் தெற்கே ஓடும் கொள்ளிடத்தின் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவோ, கொம்பு, கால் என இரண்டாகவோ எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் சொல், இயல்பாக்கம் செய்யாத நிரலில் இரண்டாகப் பிரியும்.

ஆளும் முகவரியும்

சிற்றூர் இணைய மையத்தில் ஒரே இணைப்பைப் பலர் பகிர்ந்தபோது பதிவுக்கோப்பு ஒரே முகவரியைக் கண்டது. கைப்பேசியில் கடலூரிலிருந்து படிப்பவர், நிறுவனத்தின் இணைப்புவாயில் இருக்கும் வேறு நகரத்தின் கணக்கில் சேரக்கூடும். 2005 நவம்பரில் வெளிவந்த கூகுள் அனலிடிக்ஸ், வழங்கியைவிட்டு உலாவியில் கணக்கெடுத்தது. இதனால் தேடுபொறி இயந்திரங்கள் பல விலகின. ஆனால் பி.டி.எஃப். கோப்பை நேரடி முகவரியில் தரவிறக்குவோர் இக்கணக்கில் வருவதில்லை; வழங்கிப் பதிவில் மட்டுமே தென்படுவர். மின்னூல்களைக் கோப்புகளாக வழங்கும் தமிழ்த் தளங்களுக்கு இது பெரும் இழப்பு.

முடிவுரை

வருகை எண் என்பது ஒரு கருவி ஆக்கிய ஆவணம். கல்வெட்டிற்கும் சுவடிக்கும் உரிய மூலத்திறனாய்வு இதற்கும் வேண்டும். கருவி எது, குறியேற்றம் எது, இயல்பாக்கம் செய்யப்பட்டதா, இயந்திர வருகைகள் நீக்கப்பட்டனவா என்பவற்றைக் குறிப்பிடாத எண்களை ஆண்டுவாரியாக ஒப்பிடுதல் பொருந்தாது. கருவி மாறியதால் வந்த சரிவை வாசகர் குறைவாகக் கொண்டால், பயனுள்ள மின்னூலகம் ஒன்று நிதியுதவியை இழக்க நேரிடும். வழங்கிகள் பழைய பதிவுகளைக் குறித்த காலத்தில் அழித்துவிடுகின்றன. ஆகவே தனியர் முகவரிகளை நீக்கிய தொகைக் கணக்குகளையும் கருவி மாற்றக் குறிப்புகளையும் தமிழ் நிறுவனங்கள் சேர்த்துப் பாதுகாப்பது, தமிழ் இணைய வாசிப்பின் வரலாற்றை எழுத இன்றியமையாதது.