ஸ்லோவாக் நாட்டார் கதைத் தொகுப்புகளும் மொழியுரிமையும்

நாட்டார் கதைகள் சிறார்க்கு மட்டுமே உரியனவாகக் கருதப்பெறுவதுண்டு. ஸ்லோவாக் மக்களிடையே அவை மொழியின் தனித்தன்மைக்குச் சான்றாக விளங்கின. ஹங்கேரிய ஆட்சிக்குட்பட்டிருந்த அம்மக்களுக்கு 1843இல் லுதோவீத் ஷ்தூர் பொது எழுத்துமொழி வகுத்தார்; 1845இல் யான் பிரான்சிஸ்சி அம்மொழியிலேயே கதைத்தொகுப்பு வெளியிட்டார். செக் எழுத்தாளர் போஷெனா நெம்ட்சோவாவின் ஸ்லோவாக் கதைத்தொகுப்பு 1857-58இல் வெளிவந்தது. மாற்றாந்தாய் பனிக்காலத்தில் ஊதாப்பூப் பறித்துவர விரட்டிய பெண்ணுக்கு, மனித உருவில் அமர்ந்திருந்த பன்னிரு மாதங்கள் உதவும் கதை அதில் உள்ளது.

1875இல் 'மாட்டிட்சா ஸ்லோவென்ஸ்கா' என்னும் பண்பாட்டுக் கழகத்தை அரசு மூடியது. ஸ்லோவாக் உயர்நிலைப் பள்ளிகளும் அக்காலத்திலேயே மூடப்பட்டன. அதன்பின் 1880-83இல் பாவொல் தொப்ஷின்ஸ்கி என்னும் சமயகுரு கதைகளை எட்டுப் பகுதிகளாகப் பதிப்பித்தார். கல்விக்கூடத்தில் இடமிழந்த மொழி, கதைகளின் வழியே அச்சில் நிலைபெற்றது. எனவே இத்தொகுப்புகளை மொழியுரிமை வரலாற்றின் ஆவணங்களாகவும் கொள்ளுதல் தகும்.