சாவின் மீதான வெற்றி: ஒரு நம்பிக்கையின் வரலாறு

எபிரேயத் திருமறையின் பழைய நூல்களில், இறந்தோர் சென்றடையும் இடம் 'ஷெயோல்' எனும் பாதாளம். அங்கே நல்லார், தீயார் என்ற வேறுபாடில்லை. கடவுளின் நீதி இம்மையிலேயே நிறைவேறும் என்பதே பெரும்பாலும் அன்றைய எண்ணம்.

கி.மு. 167இல் செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் யூதச் சமய வழக்கங்களைத் தடைசெய்தபோது அவ்வெண்ணம் ஆட்டங்கண்டது. திருச்சட்டத்தைக் காத்தவரே அதன்பொருட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுக்கு நீதி எப்போது? ஆய்வாளர் பலர் அக்காலத்ததாகக் கருதும் தானியேல் 12ஆம் அதிகாரம், இறந்தோருள் பலர் மீண்டெழுவர் என விடையளித்தது.

ஏசாயா 25ஆம் அதிகாரமோ சாவை ஒழித்துக் கண்ணீரைத் துடைக்கும் கடவுளைக் காட்டியது. முன்னதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலிலும், பின்னதைத் திருவெளிப்பாடு 21ஆம் அதிகாரத்திலும் காணலாம். இந்நம்பிக்கையின் வேர்களுள் ஒன்று, கொல்லப்பட்டோருக்கு நீதி கேட்ட குரல்.