பாசறை

போர்மேற் சென்ற படை வழியில் தங்க அமைக்கும் தற்காலிக இருப்பிடம் பாசறை. பாடி, பாடிவீடு, கட்டூர் என்றும் வழங்கும். மலையேறுவோர் இரவைக் கழிக்கப் போடும் முகாமும் இவ்வகையே. தண்ணீர், தீவனம், விறகு மூன்றும் கிடைக்கும் மேட்டு நிலமே படைக்கு ஏற்றது. அதனால் ஆற்றங்கரைகள் படைகளை ஈர்த்தன.

பாசறையின் உள்ளமைப்பை நுணுக்கமாகக் காட்டுவது நப்பூதனாரின் முல்லைப்பாட்டு. 103 அடிகளே கொண்ட அப்பாட்டில், காட்டை வெட்டித் திருத்தி முள்வேலியிட்ட நிலம் தெரிகிறது. சந்தியில் காவல் யானை நிற்கிறது. நாழிகைக் கணக்கர் பொழுதை அறிவிக்கிறார்கள். இடையில் வாள் கட்டிய பெண்கள் விளக்குகளுக்கு நெய் வார்க்கிறார்கள். காயம்பட்ட யானைகளையும் மடிந்த வீரர்களையும் நினைத்து அரசன் உறங்காமலிருக்கிறான். முகாமின் ஒழுங்கோடு அதன் துயரையும் பதிவுசெய்த அரிய சான்று இது.

படைகளை ஈர்த்த ஆற்றங்கரைக்கு எடுத்துக்காட்டு தென்பெண்ணை. மூங்கில்துறைப்பட்டை ஒட்டி ஓடும் இந்த ஆறு, திருக்கோவிலூரைக் கடந்து கிழக்கே இறங்குகிறது. 10ஆம் நூற்றாண்டில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன், வடக்கிலிருந்து வரக்கூடிய படையெடுப்பைத் தடுக்க, மகன் இராசாதித்தனைப் பெரும்படையுடன் திருமுனைப்பாடி நாட்டில் நிறுத்தினான். திருநாவலூர் இளவரசனின் இருப்பிடமானது. அவனுடைய சேரநாட்டுப் படைத்தலைவன் வெள்ளன் குமரன், பெண்ணைக் கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் சிவனுக்குக் கற்றளி எடுப்பித்தான். அங்குள்ள 943ஆம் ஆண்டுக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. கூடாரமும் வேலியும் மண்ணோடு போய்விட, அந்தப் படை இருந்ததற்கு இக்கோயிலே சான்று. 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே வீழ்ந்தான். தலைவனோடு சாகக் கிடைக்காத வருத்தத்தில் துறவு பூண்டு திருவொற்றியூரில் வாழ்ந்த சதுரானன பண்டிதர், இதே வெள்ளன் குமரன்தான் என்பது ஆய்வாளர் கருத்து. வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் 959இல் மேல்பாடியில் படையோடு தங்கியிருந்தபோதே கர்ஹாட் செப்பேட்டை வழங்கினான்.

1767 செப்டம்பரில் மைசூரின் ஐதர் அலியும் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித்தும் மோதியபோது, செங்கம், திருவண்ணாமலைப் பக்கங்களில் மீண்டும் படைகள் முகாமிட்டன.

மலையேற்றத்தில் கூடாரமே இல்லாத தங்கலும் உண்டு. 1953 ஜூலையில் நங்கபர்பத் உச்சியிலிருந்து தனியே இறங்கிய ஆஸ்திரிய மலையேறி ஹெர்மன் பூல், சுமார் 8,000 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை விளிம்பில் இரவு முழுவதும் நின்றே கழித்து உயிரோடு திரும்பினார்.

படைவீரரும் மலையேறியும் ஒருவராகவே ஆகும் இடம் சியாச்சின் பனியாறு. அங்கு 1984 ஏப்ரலில் இறங்கிய இந்திய ராணுவம் இன்றுவரை முகாமைக் கலைக்கவில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் காவல்நிலை பனிச்சரிவில் புதைந்தது. அங்கிருந்த 10 பேரில் ஒன்பது பேர் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள்.