தமிழ்ப் பரீட்சைக்கு மார்க் போட்ட கதை

நம்ம ஊர் பெரிய மார்க்கெட்டில் ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கிப் பக்கத்துக் கடைத் தராசில் வைத்தாலும் ஒரு கிலோதான் காட்ட வேண்டும். குறைந்தால் சண்டைதான். ஆனால் ஒரே தமிழ் விடைத்தாளை இரண்டு ஆசிரியர்களிடம் கொடுத்தால் ஒரே மார்க் வருமா? வராது. இது நூறு வருடங்களுக்கு மேலாகத் தெரிந்த விஷயம்.

1912-ல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரு மாணவரின் ஆங்கில விடைத்தாளை 142 ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 64 முதல் 98 வரை மார்க் வந்தது! 1930-களில் பிரான்சில் லோஜியே, வெயின்பெர்க் இருவரும் பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரியா விடைத்தாள்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு தாளின் சரியான மார்க்கை நெருங்க எத்தனை பேர் திருத்திச் சராசரி எடுக்க வேண்டும்? கணக்குப் பாடத்துக்கு 13 பேர், பிரெஞ்சுக் கட்டுரைக்கு 78 பேர், தத்துவத்துக்கு 127 பேர்!

அந்தப் பக்கலோரியா நமக்கு அந்நியமில்லை. 1826-ல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பள்ளியில் இன்றும் அதைத்தான் எழுதுகிறார்கள். அதில் இலக்கியத்துக்கு 4 மணி நேர எழுத்துத் தேர்வு, 20 நிமிட வாய்மொழித் தேர்வு. மார்க் ஆளுக்கு ஆள் மாறும் என்று தெரிந்தும் அவர்கள் கட்டுரையைக் கைவிடவில்லை. திருத்துபவர்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேசி, மார்க்கைச் சீராக்கப் பார்க்கிறார்கள்.

நாம் வேறு வழியில் போனோம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978-ல் வந்தது, முதல் பொதுத்தேர்வு 1980-ல். புதுச்சேரியும் காரைக்காலும் அதே தேர்வைத்தான் எழுதின. (மாஹே கேரளா பக்கம், ஏனாம் ஆந்திரா பக்கம்.) திருத்தும் முகாமில் முதன்மைத் தேர்வாளர், கூர்ந்தாய்வாளர், உதவித் தேர்வாளர் என்று வரிசையாக ஆட்கள் இருப்பார்கள். எல்லோர் கையிலும் விடைக்குறிப்பு. அதில் இருக்கும் பாயிண்டுக்குத்தான் மார்க்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்க முடியாது. ஆசிரியரின் விருப்பு வெறுப்பு குறைந்தது. கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல். ஆனால் அதற்குக் கொடுத்த விலை? முன்னுரை, உட்தலைப்பு, அடிக்கோடு, முடிவுரை என்று கைடில் உள்ளதை அப்படியே எழுதினால் போதும் என்றாகிவிட்டது. கவிதையைப் படித்துச் சொந்தமாக ஒன்று யோசித்தவன் 'இது விடைக்குறிப்பில் இருக்குமா?' என்று பயந்து அதை எழுதாமல் விட்டான். மார்க்குக்காகவே தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தவர்களும் நம் ஊரில் ஏராளம். இன்ஜினியரிங் கட்-ஆஃபில் தமிழ் மார்க் சேராது என்பது இன்னொரு அடி.

பிறகு மாற்றங்கள் வரிசையாக வந்தன. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பு ஒழிந்தது. 2018-19-ல் தமிழ் முதல் தாள், இரண்டாம் தாள் ஒன்றாகி, 200 மார்க் 100 ஆனது. அதில் 10 மார்க் அகமதிப்பீடு. புளூபிரிண்டும் போனது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24-ல் பிளஸ் ஒன் வகுப்பில் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அந்தப் பிள்ளைகள் 2025-ல் பிளஸ் டூ எழுதினார்கள். இப்போது எழுத்துக்கு 80, அகமதிப்பீட்டுக்கு 20.

கூர்ந்து பாருங்கள் நண்பர்களே. எத்தனை தாள், எத்தனை மார்க், எந்த போர்டு என்பதெல்லாம் மாறிவிட்டது. விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் திருத்துவது மாறவில்லை. நாற்பது வருடச் சீர்திருத்தத்தில் கை வைக்காத இடம் அதுதான்.

என் யோசனை சின்னது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கவிதை, அதைப் பற்றிச் சொந்தமாக எழுத ஒரே ஒரு கேள்வி, 10 மார்க். அந்த ஒரு விடையை மட்டும் இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகத் திருத்தட்டும், ஒருவர் போட்ட மார்க் மற்றவருக்குத் தெரியக் கூடாது. வித்தியாசம் அதிகமானால் மூன்றாமவர் பார்க்கட்டும். சில பல்கலைக்கழகங்களில் முதுகலைத் தாள்களுக்கு இந்த வழக்கம் உண்டு. பள்ளிக்கு மட்டும் ஏன் கூடாது?

செலவாகும், ரிசல்ட் சில நாள் தள்ளிப்போகும். போகட்டுமே! தராசு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக, தராசில் ஏறுகிற பொருளை மட்டுமே விற்போம் என்று முடிவெடுத்தால் எப்படி? 78 பேர் வேண்டாம். இரண்டு பேர் போதும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?