தமிழ் யாப்பும் ஓர் எண்வரிசையும்

1, 2, 3, 5, 8, 13 என, முன்னிரண்டு எண்களின் கூட்டுத்தொகை அடுத்த எண்ணாக வளரும் வரிசையைப் பிபனாச்சி வரிசை என்பர். பைசா நகரத்து இலியோனார்டோ 1202ஆம் ஆண்டில் இயற்றிய நூலில் முயல்களின் பெருக்கத்தைக் கணக்கிடுமிடத்து இது காணப்படுதலின் இப்பெயர் எய்திற்று. ஆயின் அவர்க்கு முன்னரே நம் நாட்டு யாப்பு நூலார் இதனைக் கண்டிருந்தனர். பாகத மொழியில் யாப்பு நூல் செய்த விரகாங்கரும், 1150ஐ ஒட்டி ஏமசந்திரரும் இதனைக் கூறியுள்ளனர். ஒரு மாத்திரையுடைய இலகுவும் இரு மாத்திரையுடைய குருவும் கொண்டு, குறித்த மாத்திரை அளவினதாகிய அடியை எத்தனை வகையில் அமைக்கலாம் என்பதே அவர்தம் வினா. ஈறு இலகுவாயின் எஞ்சுவது ஒரு மாத்திரை குறைந்த அடி. குருவாயின் இரு மாத்திரை குறைந்த அடி. ஆகலின் முன்னிரண்டின் கூட்டே விடையாயிற்று.

இனி, இவ்வரிசை தமிழ் யாப்பினுள் உண்டோ என ஆராய்வாம். யாப்பருங்கலக்காரிகை கொண்ட அசைகள் நேர், நிரை என இரண்டே. சீர்களை அசையளவால் வகுப்பின் ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 ஆக 30 ஆகும். இஃது இரட்டித்துச் செல்லும் வரிசையன்றி நாம் தேடும் வரிசையன்று.

ஆயின் கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எழுத்தெண்ணும் மரபு உண்டு. நேரசையால் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையால் தொடங்கும் அடிக்கு 17 என்பது அதன் விதி. அம்முறையால் எண்ணின் நேரசை ஓரெழுத்தும் நிரையசை ஈரெழுத்துமாம். அம்முப்பது சீர்களையும் அவ்வாறே எழுத்தளவால் வகுத்துக் காண்க. ஓரெழுத்துச் சீர், நாள் என ஒன்று. ஈரெழுத்துச் சீர், மலர், தேமா என இரண்டு. மூவெழுத்துச் சீர், புளிமா, கூவிளம், தேமாங்காய் என மூன்று. நாலெழுத்துச் சீர், கருவிளம், தேமாங்கனி, புளிமாங்காய், கூவிளங்காய், தேமாந்தண்பூ என ஐந்து. 1, 2, 3, 5 என்னும் வரிசை ஈண்டுப் புலனாதல் காண்க. ஐந்தெழுத்திற்கு எட்டு வருதல் வேண்டும், ஏழே வருகின்றன. சீர்க்கு நாலசையே எல்லையாகலின், ஐந்து நேர் அடுக்கிய அமைப்பிற்கு இடமில்லை.

இதனால் தமிழ் யாப்பு நூலார் இவ்வரிசையை அறிந்திருந்தனர் எனத் துணிதல் பொருந்தாது. அவர் சீரை அசையால் எண்ணினர். எழுத்தால் வகுத்து எண்ணியவர் யாமே. வரிசை பிறத்தற்குரிய நிலைக்களம் அவர் நூலுள் உண்டு என்பதே ஈண்டுப் பெறப்படும் முடிபு.

இவ்வெச்சரிக்கை யாப்பிற்கு மட்டும் உரியதன்று. சூரியகாந்திப் பூவின் விதைச் சுருள்களை எண்ணுவார் ஒருபுறம் 34, மறுபுறம் 55 என இவ்வரிசை எண்களையே பெரும்பாலும் காண்பர். அஃது எண்ணிக் கண்ட உண்மை. குரும்பலூர் அடங்கிய பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியில் கிடைக்கும் அம்மோனைட்டு என்னும் தொல்லுயிரியின் சுருளோட்டையும் இவ்வரிசைக்குச் சான்றாகக் காட்டுவார் உளர். அச்சுருள் ஒரு விகிதத்தால் விரிவதே. அவ்விகிதம் இவ்வரிசைக்குரியதாதல் வேண்டும் என்னும் நியதி இல்லை. பெருமை கூறுமுன் எண்ணிப் பார்த்தலே ஆராய்ச்சியாளர் கடன் என்க.