நார்த்தாமலையும் நிறைகோளமும்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் வழியில், ஏறத்தாழ 17 கி.மீ. தொலைவில் நார்த்தாமலைக் குன்றுகள் அமைந்துள்ளன. மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை எனத் தனித்தனிப் பெயர் தாங்கிய இக்குன்றுகள் முத்தரையர், சோழர் வரலாற்றுக்குச் சான்று பகர்பவை. உருண்டை வடிவம் பற்றி மனிதன் கொண்ட எண்ணத்தின் வரலாற்றையும் இங்கிருந்தே தொடங்கலாம்.

மேலமலைச் சரிவில் நிற்கும் விசயாலய சோழீச்சுரம் ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்றளியாகும். புறச்சுவர் சதுரம், உள்ளே கருவறையோ வட்டம். விமானத்தின் மேல்தளமும் சிகரமும் வட்டமாகவே அமைந்தன. சாத்தன் பூதி என்பான் எடுப்பித்த இத்தளி மழையால் பழுதுற, மல்லன் விடுமன் என்பான் அதனைப் புதுப்பித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது.

கற்றளியைச் சிதைத்த அதே மழைதான் குன்றின் பாறைகளை உருட்டித் திரட்டிய சிற்பியுமாகும். வெடித்துப் பிளந்த பாறையின் தட்டையான முகத்தை நீரும் காற்றும் ஒரு புறத்திலிருந்தே தாக்குகின்றன. விளிம்பை இரு புறத்திலிருந்தும், மூலையை மூன்று புறத்திலிருந்தும் தாக்குகின்றன. ஆதலின் மூலைகள் முதலில் தேய்கின்றன. கூர்மை இழந்த பாறை மெல்ல உருண்டையாகிறது. எனினும் அது நிறைகோளம் ஆவதில்லை.

மழைத்துளியும் அத்தகையதே. குறைந்த பரப்பில் மிகுந்த கொள்ளளவை அடக்கும் வடிவம் கோளம். ஆதலின் பரப்பு இழுவிசை சிறு துளியைக் கோளமாக்குகிறது. துளி பெருத்துவிட்டாலோ, வீழ்கையில் காற்றின் எதிர்ப்பால் அதன் அடிப்புறம் தட்டையாகிறது.

நாம் வாழும் உலகமே உருண்டை என்று கி.பி. 499ஆம் ஆண்டில் தம் நூலில் உரைத்தார் ஆரியபடர். பூக்களால் சுற்றிலும் மூடப்பட்ட கடம்பின் பூம்பந்தை அவர் உவமையாகக் காட்டினார். அதுபோலவே உயிர்கள் புவியெங்கும் சூழ்ந்திருக்கின்றன என்பது அவர் கருத்து. முருகனுக்குரிய கடம்பு வானநூலாரின் உவமையாகவும் விளங்கியமை புலவர் நெஞ்சிற்கு உவகை தருவதாகும்.

அவ்வுருண்டையை அளக்கும் பெரும்பணி 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிற்று. அதனை நடத்தியவர் வில்லியம் லாம்டன். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அவருடைய பெரிய தியோடலைட் கருவியை ஏற்றுகையில் கயிறு தளர்ந்தது. கருவி சுவரில் மோத, கோணம் அளக்கும் அதன் வட்டம் நெளிந்தது. லாம்டன் மனம் தளரவில்லை. கருவியைப் பிரித்து, பெரிய பலகையொன்றில் வேண்டிய அளவில் வட்டம் ஒன்றை வெட்டினார். ஆப்புகளாலும் திருகுகளாலும் நெளிந்த விளிம்பை இழுத்து அவ்வட்டத்தோடு பொருத்தினார். ஆறு வாரங்களில் கருவி ஏறத்தாழப் பழைய வடிவம் பெற்றது.

இத்தகைய அளவைகள் உறுதிப்படுத்தியது யாது? புவி நிறைகோளம் அன்று என்பதே. சுழற்சியால் அதன் இடை பருத்துள்ளது. நடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. ஏறத்தாழ 14 இலட்சம் கி.மீ. விட்டமுடைய கதிரவனும் மிகச் சிறிதளவு பருத்ததே.

கிலோகிராமுக்குப் புதிய வரையறை காணும் முயற்சியில் அறிவியலார் ஒரு கிலோ எடையுள்ள சிலிக்கன் கோளங்களைத் தீட்டினர். அவ்வரையறை 2019இல் நடைமுறைக்கு வந்தது. அக்கோளம் ஒன்றைப் புவியளவு பெருக்கினால், அதன் மேடுபள்ளம் சில மீட்டர் அளவே இருக்கும். அங்கும் குறை முற்றும் நீங்கவில்லை.

அவ்வாறாயின் நிறைகோளம் எங்கே உள்ளது? லாம்டன் பலகையில் வெட்டிய வட்டம் போல, அது மனிதன் கருத்தில் உள்ளது. உலகின் நெளிவை அறிவதற்கும், இயன்றவரை திருத்துவதற்கும் உரிய அளவுகோல் அது. விசயாலய சோழீச்சுரத்துச் சிற்பியும் அக்கருத்தைச் சதுரத்தின் நடுவே கல்லில் பதித்துச் சென்றான்.

இன்று புதுக்கோட்டை மாவட்டத்துப் பாறைகள் பல கல்குவாரிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டுச் சல்லியாகின்றன. கருவறையின் வட்டத்தை வேறொரு சிற்பி மீண்டும் வரையக்கூடும். நெளிந்த கருவியை வேறொரு லாம்டன் நிமிர்த்தக்கூடும். காலங்காலமாக மழை உருட்டிய பாறையை மீண்டும் ஆக்க எவராலும் இயலாது. நிறைவற்ற அவ்வுருண்டைகளைக் காப்பது, நிறைவைப் பாடுவோரின் கடமையுமாகும்.